ஆர்டர் தாளில் தொடங்கும் அறம்

பனியன் துணியில் கறுப்புச் சாயம் ஏற வேண்டுமானால், ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு வேண்டும். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் மாஸ்டர் இதைச் சொன்னபோது, உடன் வந்திருந்த என் தோழி அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். சென்னையில் குழந்தைகளுக்கான ஆடை பிராண்டு ஒன்றை அவள் நடத்துகிறாள். தான் விற்கும் துணி மண்ணையும் கெடுக்கக் கூடாது, அதைத் தைத்தவர்களையும் வதைக்கக் கூடாது என்பது அவள் விருப்பம். எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. நியாயமான ஆடை, பசுமை ஆடை என்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, துணி உருவாகும் இடங்களுக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்து இருவரும் திருப்பூர் வந்தோம்.

2024-25 நிதியாண்டில் இந்த ஊரின் பின்னலாடை ஏற்றுமதி நாற்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூல் ஒரு மில்லிலிருந்து வருகிறது. நிட்டிங் ஒரு சந்தில், சாயம் இன்னோர் இடத்தில், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் எல்லாம் வேறு வேறு ஜாப் ஒர்க் கூடங்களில். டெம்போக்களும் மொபட்டுகளும் துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டு நாள் முழுவதும் தெருத்தெருவாக ஓடுகின்றன. லண்டனிலோ சென்னையிலோ இருக்கும் பிராண்டுக்கு இந்தச் சங்கிலியில் தெரிவது பெரும்பாலும் கடைசிக் கண்ணி மட்டும்தான். தையல் நடக்கும் ஏற்றுமதி நிறுவனத்தின் பெயர் அதனிடம் இருக்கும். சாயம் போட்டது யார், நூல் நூற்றது யார் என்றால் பதில் இருக்காது.

நாங்கள் சாயத்திலிருந்து தொடங்கினோம். பட்டறைக்குள் நுழைந்ததுமே நீராவியின் வெக்கையும் அசிட்டிக் அமிலத்தின் புளிப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. சாஃப்ட் புளோ இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குள் துணி நீண்ட கயிறுபோலச் சுழன்றுகொண்டே இருக்கிறது. முதலில் பெராக்சைடு போட்டு வெளுக்கிறார்கள். அடுத்து என்சைம் போட்டுத் துணியின் மேலுள்ள பிசிறை எடுக்கிறார்கள். பிறகுதான் சாயம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலை நாடி வராது. உப்புதான் அதைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளுகிறது. சோடா சேர்த்ததும் சாயம் நூலோடு பிணைகிறது. பிணையாமல் மிஞ்சும் சாயத்தைத் திரும்பத் திரும்ப வெந்நீரில் அலசி எடுக்க வேண்டும். அப்படி எடுக்காவிட்டால், கடையில் வாங்கியவர் முதல் தடவை துவைக்கும்போதே சாயம் போய்விடும். உப்பும் சோடாவும் மிஞ்சிய சாயமும் கலந்த அந்தத் தண்ணீர்தான் சாயக்கழிவு.

மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிப் படிப்பை முடிக்காமலே பட்டறைக்கு வந்தவர். ஈரத் துணியை விரலிடுக்கில் பிடித்து, காய்ந்தால் நிறம் எவ்வளவு வெளுக்கும் என்று கணித்துவிடுகிறார். பிராண்டு அனுப்பும் நிறத்துக்கு முதலில் சின்னத் துண்டில் லேப் டிப் எடுத்து அனுப்பி ஒப்புதல் வாங்குவார்கள். அதன் பிறகுதான் டன் கணக்கில் சாயம் போடுவார்கள். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்தையும் கடை வெளிச்சத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு எங்களுக்குக் காட்டினார். ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு துண்டுகள் அடுத்த விளக்கில் வேறு வேறு நிறமாக நின்றன.

“முதல் தடவையே ஷேடு பிடிச்சுட்டா ஒரே தண்ணியில முடிஞ்சுதுங்க. பையருக்குப் பிடிக்கலீன்னா சாயத்த உரிச்சுட்டு மறுபடியும் போடணும். அதே துணிக்கு ரெண்டு மடங்கு தண்ணி, ரெண்டு மடங்கு உப்பு, ரெண்டு மடங்கு விறகு. துணியும் நொந்து போயிருமுங்க” என்றார்.

அந்தப் பேச்சில் என் தோழிக்கு முதல் விடை கிடைத்தது. சாயக்கழிவு பட்டறையில் பிறப்பதாகத்தான் வெளியில் இருக்கும் நாம் நினைக்கிறோம். அதன் அளவில் கணிசமான பங்கை வடிவமைப்பாளரின் மேசை முடிவு செய்துவிடுகிறது. அடர்ந்த கறுப்பு, கருஞ்சிவப்பு, கருநீலம் ஆகியவற்றுக்கு உப்பும் அலசலும் கூடுதலாக வேண்டும். வெளிர் நிறங்களுக்குக் குறைவாகப் போதும். எந்த விளக்கில் நிறத்தைப் பார்க்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும், சிறு வித்தியாசம் இருந்தால் ஏற்றுக்கொள்வதும், ஒப்புதல் கொடுத்த நிறத்தைப் பிறகு மாற்றாமல் இருப்பதும் தண்ணீரை மிச்சப்படுத்துகின்றன. பிராண்டுக்கு இதில் ஒரு பைசாவும் செலவில்லை.

இந்த உப்பு எங்கே போனது என்பதைப் பார்க்க நொய்யல் கரையோரமாக ஒரத்துப்பாளையம் போனோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். ஏற்றுமதி வேகமாக வளர்ந்த காலமும் அதுதான். பாசன அணையாகக் கட்டியது சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிப்போனது. கிணறுகள் உப்பேறின. நெல்லும் மஞ்சளும் விளைந்த நிலத்தில் வெள்ளை பூத்தது.

“அணையில தண்ணி இருந்துச்சுங்க. மாடு வாயே வைக்கலீங்க” என்றார் கரையோரத்துத் தோட்டக்காரர் ஒருவர். தென்னை மரங்கள் குரும்பை உதிர்த்து நின்ற காலத்தை அவர் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். திருப்பூருக்கு டாலர் வந்த அதே ஆண்டுகளில்தான் அவர் மகன்கள் விவசாயத்தை விட்டார்கள். அவர்களில் ஒருவர் பனியன் கம்பெனிக்கே வேலைக்குப் போனார்.

நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்பதை 2009-ல் அது உறுதி செய்தது. அப்படியும் கழிவு நின்றபாடில்லை. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. துணியைச் சாயம் போட வெளி மாநிலங்களுக்கு லாரியில் அனுப்பினார்கள். வேலை இல்லாமல் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். இதற்கெல்லாம் பிறகுதான், இன்று உலகம் முழுவதும் சுட்டிக்காட்டும் பூஜ்ய வெளியேற்ற முறை திருப்பூரில் நிலைபெற்றது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை உள்ளே சென்று பார்த்தோம். பல பட்டறைகளின் கழிவு குழாய் வழியாக ஒரே இடத்துக்கு வருகிறது. பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. வடிகட்டிகளைத் தாண்டி ஆர்.ஓ. சவ்வுகளுக்குப் போகிறது. அங்கே கிடைக்கும் நல்ல தண்ணீர் பட்டறைகளுக்கே திரும்பிவிடுகிறது. மீந்து நிற்கும் கடும் உப்பு நீரை, ஆவியாக்கும் கொதிகலங்களில் சுண்டவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். அந்த உப்பை மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். எதற்கும் உதவாமல் எஞ்சும் கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தது. அதை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. அனுமதியில்லாமல் நடக்கும் சிறு பட்டறைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்த செய்திகளும் அவ்வப்போது வந்தபடி இருக்கின்றன.

சுண்டவைக்கத் தேவைப்படும் நீராவியும் சவ்வுகளைத் தள்ளும் மின்சாரமும் கடும் செலவு வைப்பவை. அந்தச் செலவு ஒவ்வொரு கிலோவின் சாயக் கூலியிலும் ஏறுகிறது. கழிவை ஆற்றில் விடத் தடையில்லாத ஊரில் இந்தக் கூலி குறைவாகத்தான் இருக்கும். ஒரு பிராண்டின் கொள்முதல் அதிகாரி இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மலிவானதைத் தேர்ந்தெடுக்கும்போது, ஓர் ஆற்றை உப்பாக்கும் முடிவில் கையெழுத்துப் போடுகிறார். தன் நிறுவனத்தின் இணையதளத்தில் பச்சை இலைப் படம் போட்டிருந்தாலும் அது அப்படித்தான்.

சாயம் முடிந்த துணி கட்டிங்குக்கும் அங்கிருந்து பவர் டேபிளுக்கும் போகிறது. தெருவோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு தையல் கூடத்துக்குப் போனோம். நீண்ட மேசையின் இருபுறமும் தையல் இயந்திரங்கள். ஓவர்லாக்கில் ஒருவர் தோளை இணைக்கிறார், இன்னொருவர் கை ஏற்றுகிறார். கீழ்மடிப்பு பேட்லாக்கில் நடக்கிறது. கைமடி ஆட்கள் துண்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கழுத்துப் பட்டி வைக்கும் அக்காவின் அருகில் நான் வெகுநேரம் நின்றேன். கழுத்தைவிடச் சிறிதாக வெட்டிய ரிப் பட்டியை, சுற்று முழுவதும் ஒரே அளவாக இழுத்துக்கொடுத்துத் தைக்க வேண்டும்.

“அதிகமா இழுத்தா கழுத்து சுருங்கும். இழுக்காம விட்டா தொங்கிப்போகும். துணிக்குத் துணி இழுவை மாறும் தம்பி. கைதான் சொல்லும்” என்றார்.

அவர் தேனிப் பக்கத்துக்காரர். லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். அவருக்கு அடுத்த இயந்திரத்தில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி, தையலில் புழங்கும் சொற்கள் மட்டும்தான். இந்த ஊரில் உழைப்பை அளப்பது ஷிப்ட் கணக்கில். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட். வீட்டுச் செலவு கட்டுபடியாக அந்த அரை ஷிப்டும் வேண்டும் என்கிறார் அக்கா.

“ஷிப்மென்ட் நெருங்கினா ராத்திரி ஒரு மணி கூட ஆகும். அடுத்த வாரம் வந்து பாத்தா வேலையே இருக்காது. மாசம் முழுக்க ஒரே மாதிரி வேலை வந்தா, நான் எதுக்கு ராத்திரி முழிக்கணும்?”

ஏன் அப்படி நடக்கிறது என்பதைக் கூடத்தை நடத்தும் கான்ட்ராக்டர் விளக்கினார். மாதிரிக்கு ஒப்புதல் வரச் சில வாரங்கள் தாமதமாகும். நிறம் மாறும், பட்டன் மாறும். கப்பல் தேதி மட்டும் மாறாது. தவறினால் விமானச் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும், அல்லது விலையில் தள்ளுபடி கேட்பார்கள். மேசையில் தொலைந்த வாரங்களைத் தையல்காரர்தான் இரவில் ஈடுசெய்கிறார். விலையிலும் இதே கதைதான். நூல் விலை சந்தையில் ஏறி இறங்கும், சாயக் கூலியைக் குறைக்க முடியாது, பட்டனும் லேபிளும் நிலையான விலை. பிராண்டு ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னால் கடைசியில் கை வைக்க முடிவது தையல் கூலியில் மட்டும். கடையில் கொடுக்கும் விலையில் தைத்தவருக்குப் போவது நூற்றில் சில ரூபாய்கள்தான். அதிலிருந்துதான் அந்த ஐந்து ரூபாயும் போகிறது.

கூலிக்காகப் போராடிய நீண்ட வரலாறு திருப்பூருக்கு உண்டு. பஞ்சப்படி கேட்டு 1984-ல் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசிப் பல ஆண்டுகளுக்குச் செல்லும் கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் இங்கே இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த மேசையில் பிராண்டுகள் உட்காருவதில்லை. கூலியை உயர்த்தச் சொல்லும் தொழிலாளியும் உயர்த்த முடியாது என்னும் முதலாளியும் எதிரெதிரே இருக்கிறார்கள். விலையை முடிவு செய்பவர் வேறொரு நாட்டில் இருக்கிறார்.

சான்றிதழ் வாங்கிவிட்டால் போதாதா என்று தோழி கேட்டாள். பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கராச்சியில் 2012 செப்டம்பரில் ஒரு ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24-ல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அங்கிருந்த தொழிற்சாலைகளையும் தணிக்கையாளர்கள் முன்பே பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். 2020-ல் இந்திய இயற்கைப் பருத்தியில் 20,000 டன் அளவுக்குப் போலிச் சான்றிதழ்கள் இருப்பதை, இயற்கை இழைத் துணிகளுக்குச் சான்று விதிகள் வகுக்கும் காட்ஸ் (GOTS) அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. இதனால் சான்றிதழ்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. காட்ஸ் விதிகள் இரசாயனங்களைக் கட்டுப்படுத்துகின்றன, பஞ்சிலிருந்து ஆடை வரை தடம் பிடிக்கின்றன. பிராண்டு தன் கண்ணால் பார்ப்பதற்கும் தொழிலாளி தன் வாயால் பேசுவதற்கும் அவை மாற்றாக முடியாது என்பதுதான் என் வாதம்.

தொழிலாளியின் வாய்க்கு வலிமை தந்த ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டிலேயே உருவானது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். இறந்த பெண், பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனின் உறுப்பினர். அந்தச் சங்கம் ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து போராடியது. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சங்கமும் அந்தத் தொழிலாளர் அமைப்புகளும் ஒருபுறம், ஏற்றுமதி நிறுவனமும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் மறுபுறம். தையல் கூடத்திலேயே தொழிலாளர்களில் சிலர் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, பாலியல் தொல்லையோ சாதி அவமதிப்போ நடந்தால் உடனே புகாரை எடுத்துச் செல்லும் முறை வந்தது. நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் தங்கள் ஆர்டரைக் கொண்டே அதைத் தட்டிக்கேட்கக் கடமைப்பட்டிருந்தன. விருப்பம் இருந்தால் கடைப்பிடிக்கலாம் என்ற நன்னடத்தை விதியிலிருந்து இது முற்றிலும் வேறு. சட்டப்படி எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது.

இதே கண்ணோடு நூல் மில்களையும் பார்க்க வேண்டும். மூன்றாண்டு வேலை முடிந்தால் மொத்தத் தொகை, அது கல்யாணத்துக்கு உதவும் என்று சொல்லி ஏழை வீட்டுப் பதின்வயதுப் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். அந்த நூல்தான் உலகக் கடைகளுக்குப் போனது. தையல் கூடத்தை மட்டும் தணிக்கை செய்த பிராண்டுகளின் கண்ணில் அந்த விடுதிகள் நெடுங்காலம் படவே இல்லை.

கடைசியாக, கட்டிங் வேஸ்ட் பிரிக்கும் ஒரு கிடங்கு. டி-ஷர்ட் வெட்டும்போது பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் துண்டாகக் கழிகிறது. பெண்கள் தரையில் உட்கார்ந்து அந்தக் குவியலை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். கிளிப்பச்சையும் இலைப்பச்சையும் வேறு வேறு சாக்கில் விழுகின்றன. பிரித்த துண்டுகளை இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் (ஓ.ஈ.) மில்களில் மறுபடியும் நூலாக நூற்கிறார்கள். நிறம் முன்பே இருப்பதால் சாயம் தேவையில்லை, உப்பும் தேவையில்லை. இழை குட்டையாகிவிடுவதால் மென்மையான ஆடைக்கு அது மட்டும் போதாது, புதுப் பஞ்சு கலக்க வேண்டும். லைக்ரா கலந்த துணி இந்தச் சுழற்சியைக் கெடுக்கும் என்று அங்கிருந்த மூத்த பெண்மணி துண்டை இழுத்துக் காட்டினார். உலகம் சுழற்சிப் பொருளாதாரம் என்று பேசுவது இவருடைய கண்ணையும் விரலையும் நம்பித்தான் நடக்கிறது. தூசி பறக்கும் அந்த இடத்தில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் உழைக்கிறார். மறுசுழற்சி என்று லேபிளில் அச்சிடும் பிராண்டு, அவருடைய கூலியையும் மூச்சையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடங்களையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான். ஆடை பிராண்டு ஒன்றின் அறத்தை அதன் விளம்பரத்திலோ ஆண்டறிக்கையிலோ தேடக் கூடாது. அது கொடுக்கும் ஆர்டர் தாளில் தேட வேண்டும். எத்தனை நிறம், எந்த நிறம், எத்தனை நாள், என்ன விலை, தாமதமானால் யார் பணம், ரத்தானால் யார் நஷ்டம் ஆகிய ஆறும் அந்தத் தாளில் இருக்கின்றன. 2020-ல் கொரோனா வந்தபோது தைத்து முடித்த சரக்கைக்கூட எடுக்காமல் கைவிட்ட பிராண்டுகள் பல. அந்த நஷ்டம் கடைசியில் சம்பளம் வராத வீடுகளில் போய் நின்றது. நியாயமாக நடக்கிறோம் என்ற அறிக்கைகள் அன்றும் அவற்றின் இணையதளங்களில் இருந்தன.

தோழி அடுத்த சீசன் ஆர்டரைத் திருப்பூரிலேயே உட்கார்ந்து எழுதினாள். பன்னிரண்டு நிறங்களை ஐந்தாகக் குறைத்தாள், கறுப்பை விட்டுவிட்டாள். மாதிரிக்கு அவள் தரப்பில் ஒப்புதல் தாமதமானால் அத்தனை நாள் டெலிவரி தேதியும் தள்ளிப்போகும் என்று சேர்த்தாள். தையல் கூலியைத் துணி விலையிலிருந்து பிரித்துத் தனி வரியில் போட்டு, பேரத்தில் அந்த வரியைத் தொடுவதில்லை என்று எழுதினாள். வெட்டிய பிறகு ரத்து செய்தால் முழுத் தொகையும் தருவதாக ஒப்புக்கொண்டாள். சீசனுக்கு ஒரு கூடம் என்று மாறிக்கொண்டிருந்ததை நிறுத்தி, ஒரே கூடத்துக்கு ஆண்டு முழுவதும் பிரித்துப் பிரித்து வேலை கொடுக்க முடிவு செய்தாள். நூல் மில், சாயப்பட்டறை, தையல் கூடம் மூன்றின் பெயரையும் ஆடையின் அட்டையில் அச்சிடப்போகிறாள். இதனால் ஒரு சட்டையின் விலை ஏறத்தான் செய்யும். குறைவான டிசைன்களை நன்றாகத் தைத்து விற்றால் தாங்கலாம் என்பது அவள் கணக்கு. சிறு பிராண்டால் முடிவதை, கோடிக்கணக்கில் வாங்கும் பெரிய பிராண்டுகளால் இதைவிட எளிதாகச் செய்ய முடியும்.

வாங்கும் நமக்கும் இதில் வேலை இருக்கிறது. குறைவாக வாங்குவதும், வாங்கியதை நைந்து போகும்வரை உடுத்துவதும் நம் தாத்தா பாட்டி காலத்துப் பழக்கம்தான். அதோடு கடைக்காரரிடமும் பிராண்டிடமும் சில கேள்விகளைக் கேட்கத் தொடங்க வேண்டும்: இந்தத் துணிக்கு எங்கே சாயம் போட்டீர்கள், அந்தக் கழிவு எங்கே போகிறது, தைத்தவருக்கு எட்டு மணி நேரத்துக்கு என்ன கூலி, அவர் சங்கத்தில் சேரலாமா? பதில் தெரியாத பிராண்டு அதைத் தேடிப் போகட்டும். நொய்யல் விவசாயிகள் விடாமல் கேட்டதால்தான் சாயக்கழிவுக்குத் தடை வந்தது. திண்டுக்கல் பெண்கள் விடாமல் கேட்டதால்தான் பிராண்டுகள் கையெழுத்திட்டன. இந்தத் தொழிலில் நல்லதாக மாறியவற்றில் பெரும்பாலானவை, பாதிக்கப்பட்டவர்கள் கேட்டதால் மாறியவை. அவர்களோடு சேர்ந்து உடுத்துபவர்களும் கேட்டால், அடுத்த மாற்றம் இன்னொரு ஆறு சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.